தார் ரோட்டுக்குப் பட்டா

தெருவுக்கு ஒருவர் என்ற கணக்கில் இவரை உலகம் முழுக்கப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் தெருவில் அப்படி யாரும் இல்லை என்கிறீர்களா? இருக்கட்டும், அதைக் கடைசியில் பேசிக்கொள்வோம்.

இவரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். வீடு இவருடையது, வீட்டுக்கு முன்னால் இருக்கும் புல்வெளி இவருடையது, அதைத் தாண்டி ஓடும் தார் ரோடு சர்க்காருடையது என்பது உங்களுக்கும் எனக்கும் தெரிந்த விஷயம். இவர் போட்டு வைத்திருக்கும் வரைபடமே வேறு. வீட்டின் இடது மூலையிலிருந்து ஒரு கோடு, வலது மூலையிலிருந்து ஒரு கோடு, இரண்டையும் ரோட்டின் நடுமத்தி வரை இழுத்து, இடையில் அகப்பட்ட தார், ஜல்லி, சாக்கடை மூடி, உதிர்ந்த மேப்பிள் இலை, இனிமேல் பெய்யப்போகும் பனி உட்பட அத்தனைக்கும் மனசுக்குள்ளேயே பட்டா எழுதி, பத்திரப்பதிவும் முடித்துக்கொண்டவர். ஆகவே பட்டாதாரர் என்றே கூப்பிடுவோம்.

அமெரிக்காவில் மில்வாக்கிக்கு மேற்கே எங்கள் ஹார்ட்விக் பார்க்கில், எங்கள் தெருவுக்கு வாய்த்த பட்டாதாரர் நார்பர்ட் ஷுல்தைஸ். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவி லவெர்ன் காலமான பிறகு தனிக்கட்டை. துணைக்கு பிராண்டி என்று ஒரு கிழட்டு நாய். பிராண்டியால் இப்போதெல்லாம் நடக்க முடிவதில்லை. அதனால் என்ன? தினமும் சாயங்காலம் நார்பர்ட் அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாக்கிங் போகிறார். நாய் ஆகாயத்தைப் பார்க்கும், நார்பர்ட் நம்பர் பிளேட்டுகளைப் பார்ப்பார்.

எங்கள் ஊரில் இரவு இரண்டு மணிக்கு மேல் விடியும்வரை தெருவில் வண்டி நிற்கக் கூடாது. நின்றால் பர்மிட் இருக்க வேண்டும். விருந்தாளி வந்தால் போலீசுக்குப் போன் போட்டு வண்டி நம்பரை ஒப்பிக்க வேண்டும். அதுவும் ஒரு வீட்டுக்கு வருஷத்தில் இத்தனை ராத்திரிதான் என்று அளவு உண்டு. மாமியார் ஒரு தடவை வந்து சாவகாசமாக உட்கார்ந்தால் கோட்டா காலி. நமக்கெல்லாம் இது தலைவலி. பட்டாதாரருக்கோ பரம சந்தோஷம், இந்தச் சட்டம் தன் பேருக்கே போடப்பட்டது என்று நினைப்பு.

போன தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு என் மச்சான் நியூ ஜெர்சியிலிருந்து குடும்பத்தோடு வந்து இறங்கினான். பெட்டியை இறக்கவில்லை, குழந்தைகள் செருப்பைக் கழற்றவில்லை, அதற்குள் நாயும் கையுமாக நார்பர்ட் வாசலில் நிற்கிறார்.

"விருந்தாளியா? நல்லது, நல்லது. ராத்திரி தங்குறாங்களா?"

கேட்பவர் காதில் எவ்வளவு அன்பான விசாரிப்பு! தங்கினால் போர்வை கொண்டுவந்து கொடுப்பார் போலிருக்கும். எங்கள் தெருவில் இருப்பவர்களுக்குத்தான் அதன் அர்த்தம் தெரியும்.

"போன் பண்ணிச் சொல்லிட்டேன், நார்பர்ட்."

"எனக்கொண்ணும் இல்லப்பா. ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல? நான் கம்ப்ளெயிண்ட் பண்றவன் இல்ல, தகவல் சொல்றவன்."

இந்தத் தகவல் சொல்லும் குணத்துக்கு எங்கள் தெருவில் ஆளுக்கொரு தழும்பு உண்டு. கல்யாண வீட்டுக்கு வந்தவன் அபராதம் கட்டியிருக்கிறான். துக்க வீட்டுக்கு வந்தவனும் கட்டியிருக்கிறான். பிரசவ வலி வந்த பெண்ணை அழைத்துப் போக வந்து, கண்ணயர்ந்துவிட்ட அவள் தம்பியும் கட்டியிருக்கிறான். எதிர் வீட்டு இக்னாசியோவைக் கேட்டால் அவர் ஒரு பொழுது முழுக்கப் பேசுவார். அவருக்கு இரண்டு பையன்கள், இரண்டு பேருக்கும் வண்டி. வருஷக்கணக்காகத் தெருவில் பர்மிட் வாங்கி நிறுத்திக்கொண்டிருந்தார்கள். அதில் நார்பர்ட்டுக்கு என்ன நஷ்டம்? ஒரு நஷ்டமும் இல்லை. நிறுத்தியது இக்னாசியோ வீட்டுப் பக்கம்தான். ஆனால் ஜன்னலைத் திறந்தால் கண்ணில் படுகிறதே! பட்டாதாரரின் பட்டா நாளடைவில் எதிர்ச்சாரிக்கும் வளர்ந்துவிடும், அதுதான் அதன் இயல்பு.

ஊர் மன்றத்தில் பொதுமக்கள் பேசலாம் என்று ஒரு கூட்டம் போட்டார்கள். நார்பர்ட் சவரம் செய்து, சட்டையைச் சலவை செய்து, மைக்கைப் பிடித்தார். "கராஜ் எதுக்கு இருக்கு? காருக்கு! சாமான் போடவா? கராஜ்ல குப்பையை அடைச்சிட்டு ரோட்டுல வண்டி நிறுத்துறவனுக்கு என்னத்துக்கு பர்மிட்? முதல்ல போய் கராஜைத் திறந்து பாருங்க!" என்று முழங்கினார். கைதட்டல் கிடைத்தது. விதியும் கிடைத்தது. அன்றிலிருந்து பர்மிட் கேட்டு மனு போட்டால், ஊராட்சி ஆள் வந்து கராஜைத் திறந்து பார்ப்பார். உள்ளே வண்டிக்குப் பதிலாகச் சாமான் இருந்தால் பர்மிட் கிடையாது.

வேறு வழி? தெருவே கராஜைக் காலி செய்தது. அந்தக் கோடை முழுவதும் வீட்டுக்கு வீடு கராஜ் சேல். உடைந்த சோபா, ஓடாத ஃபேன், யாரோ எப்போதோ வாங்கிய பெரிய டிரம் செட், எல்லாம் புல்வெளிக்கு வந்து வெயில் காய்ந்தன. இக்னாசியோ தன் உடற்பயிற்சி சைக்கிளைக்கூடக் கண்ணீரும் கம்பலையுமாக விற்றார். அதில் அவர் ஏறி யாரும் பார்த்ததில்லை என்பது வேறு கதை. பையன்களின் வண்டிகள் கராஜுக்குள் போயின. அப்புறம் பெரியவன் வேலைக்கென்று சியாட்டிலுக்கே போய்விட்டான். கராஜில் காலியான இடத்துக்கு இக்னாசியோ தன் வண்டியைத் தள்ள, வீட்டு முன்னால் வண்டி நிறுத்தும் டிரைவ்வேயில் ஒரு வண்டி இடம் சும்மா கிடந்தது.

இதெல்லாம் முன்கதை. இனிமேல்தான் வேடிக்கை.

நார்பர்ட்டின் மகள் டெனிஸ். நாற்பதைத் தாண்டியவள், ரசீன் என்ற ஊரில் ஒரு பேக்கரியில் வேலை, விவாகரத்து ஆனவள். அப்பா தனியாகப் படியிறங்கும்போது தடுமாறுகிறார் என்று கேள்விப்பட்டு, அவரோடேயே வந்து இருந்துவிடுவதாகச் சொல்லிவிட்டாள். நார்பர்ட் பூரித்துப் போனார். மாடி அறைக்குப் பெயிண்ட் அடித்தார். வெள்ளிக்கிழமை மீன் வறுவல் சாப்பிடப் போன இடத்தில் முன்பின் தெரியாதவனிடமெல்லாம் "என் பொண்ணு வர்றா" என்றார். லவெர்ன் போனதற்கப்புறம் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன், சத்தியமாக எனக்கே மனசு இளகிவிட்டது.

ஒரே ஒரு சிக்கல். அவர் வீட்டு டிரைவ்வே குட்டை, அவருடைய பிக்கப் வண்டி நின்றால் அதோடு சரி. டெனிஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "அப்பா, எனக்கு விடியறதுக்கு முன்னாடி வேலைக்குக் கிளம்பணும். வண்டி நிறுத்த நிரந்தரமா ஒரு இடம் வேணும். தினமும் அபராதம் கட்ட என்னால முடியாது. இடம் இல்லன்னா சொல்லிடு, பேக்கரி பக்கத்துல அபார்ட்மென்ட் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், அதுக்கே போயிடறேன்."

"இடமா? எனக்கா?" நார்பர்ட் சிரித்தார். "இந்த ஊர்ல பர்மிட்டுக்கு என்னைவிட யோக்கியதை உள்ளவன் யாரு இருக்கான்?"

மனு போட்டார். டெனிஸ் சாமானோடு வரும் சனிக்கிழமையே ஊராட்சி ஆளும் வருவதாக அமைந்தது. செய்தி எப்படித்தான் பரவியதோ, அன்று காலையில் தெருவில் எல்லோருக்கும் வாசலில் வேலை இருந்தது. வேலை என்றால், மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வேலை. இக்னாசியோ புல்வெளியில் அடுப்பைப் பற்றவைத்து, எல்லோருக்கும் சாசேஜ் சுட ஆரம்பித்தார். நானும் போனேன். எனக்கு மட்டும் வேடிக்கை பார்க்கத் தெரியாதா?

வந்தவள் ஷெல்பி என்ற இளம்பெண், கையில் ஒரு அட்டை. "கராஜைக் கொஞ்சம் திறக்கிறீங்களா, சார்?"

"அதெல்லாம் எதுக்கும்மா? என்னைத் தெரியுமில்ல?"

"நல்லாத் தெரியும், சார். உங்க போனை நான்தான் எடுப்பேன்."

கதவு கரகரவென்று மேலே போனது. பாதியில் நின்றது. ஏனென்றால் உள்ளே இருந்தது கதவு வரைக்கும் இருந்தது.

இக்னாசியோ சாசேஜ் திருப்பும் இடுக்கியோடு எழுந்து நின்றார்.

"அட! என் சைக்கிள்!"

"அது எங்க டிரம் செட் இல்ல?" என்றாள் மூலை வீட்டுக்காரி.

"ஐயோ, எங்க சோபா!" என்று கத்தியது என் மனைவி.

தெருவே காலி செய்த கராஜ்கள் அத்தனையும் ஒரே கராஜுக்குள் குடிவந்திருந்தன. சேல் நடந்த ஒவ்வொரு வீட்டுக்கும் கடைசி நேரத்தில் போய், "சும்மா தூக்கிப் போடுறதுக்கு எனக்குக் கொடு" என்று அடிமாட்டு விலைக்கு அள்ளிவந்த புண்ணியவான் இவர்தான். அவரவர் விற்றது அவரவருக்குத் தெரியும், மொத்தமும் இங்கே சேர்ந்திருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. இடுக்கில் ஆரஞ்சு நிறப் போக்குவரத்துக் கூம்புகள் வேறு கோபுரமாக நின்றன. அவை எங்கிருந்து வந்தன என்று ஷெல்பி கேட்கவில்லை, நல்ல பெண்.

"சார், பர்மிட் தர முடியாது."

"இதெல்லாம் குப்பை இல்லம்மா! ஒருநாள் தேவைப்படும்!"

"கராஜ் காருக்குத்தான், சாமானுக்கு இல்லன்னு நீங்கதானே மீட்டிங்ல பேசினீங்க? நானும் கைதட்டினேன்."

"அந்த விதி மத்தவங்களுக்கும்மா!"

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. சிரித்தவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே டெனிஸின் வண்டி வந்து நின்றது. பின் சீட்டு முழுக்கப் பெட்டி, முன் சீட்டில் ஒரு கேக். திறந்த கராஜைப் பார்த்தாள், அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"பரவால்லப்பா," என்றாள். "அபார்ட்மென்ட்டுக்கே போன் பண்ணிடறேன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து பாத்துட்டுப் போறேன்."

நார்பர்ட் பிராண்டியை இறுகப் பிடித்துக்கொண்டார். பெயிண்ட் வாசனை மாடி ஜன்னல் வழியாகத் தெருவுக்கே வந்துகொண்டிருந்தது.

இக்னாசியோ தொண்டையைக் கனைத்தார். "என் டிரைவ்வேல ஒரு வண்டி இடம் சும்மாதான் கிடக்கு, டெனிஸ். தாராளமா நிறுத்திக்கலாம். ஆனா உங்கப்பா கேக்கணும்."

கேட்பதா! பட்டாதாரர் தகவல் சொல்லுவார், சட்டம் சொல்லுவார், கேட்க மாட்டார். நார்பர்ட் ரோட்டின் நடுமத்தி வரை வந்தார், அதாவது தன் எல்லை முடியும் இடம்வரை. அங்கேயே நின்றார்.

"இக்னாசியோ... அந்த இடம்... சும்மாதானே இருக்கு?"

"அது தகவல், நார்பர்ட்."

இன்னொரு அடி வைத்தார். எல்லையைத் தாண்டிய அடி. "என் பொண்ணு வண்டிய... உன் வீட்டுல நிறுத்திக்கலாமா? தயவுபண்ணி."

இக்னாசியோ அவசரப்படவில்லை. சாசேஜைத் திருப்பிப் போட்டார், வண்டியைப் பார்த்தார், பெட்டிகளைப் பார்த்தார், பிறகு முகத்தில் எவ்வளவு அன்பு தேங்க முடியுமோ அவ்வளவையும் தேக்கிக்கொண்டு கேட்டார்.

"ராத்திரி தங்குறாங்களா?"

தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. நார்பர்ட்டும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார், ஆனால் உதடு கோணிக்கொண்டது.

"தங்குவா," என்றார். "இனிமே தினமும் தங்குவா."

அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. டெனிஸ் கேக்கை எடுத்துவந்து வெட்டினாள். இக்னாசியோ தன் சைக்கிளைத் தானே உருட்டிக்கொண்டு போனார், அதில் இன்றுவரை ஏறவில்லை.

நார்பர்ட் திருந்திவிட்டார் என்று முடிப்பேன் என்று எதிர்பார்க்கிறீர்கள். உங்களுக்குப் பட்டாதாரரைத் தெரியவில்லை. அடுத்த வாரமே யாரோ ஒரு அப்பாவி தன் வண்டியை இக்னாசியோ வீட்டு டிரைவ்வே ஓரத்தில் கொஞ்சம் முட்டினாற்போல் நிறுத்திவிட்டான். இக்னாசியோவே பேசாமல் இருக்க, நாயும் கையுமாக நார்பர்ட் பறந்து வந்தார். "யாரு வண்டி இது? இது எங்க இடம்!" ஒரு பட்டா இப்போது இரண்டு பட்டாவாகிவிட்டது, அவ்வளவுதான்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டு கேட்டில் 'இங்கே வண்டி நிறுத்தினால் காற்று பிடுங்கப்படும்' என்று சிவப்புப் பெயிண்டில் எழுதியிருப்பது உங்கள் கையெழுத்து இல்லை, பெயிண்டர் கையெழுத்துதான். ரோட்டோரத்தில் இருக்கும் இரண்டு பூந்தொட்டிகளும் அழகுக்குத்தான். நடுவே கிடக்கும் கருங்கல் தானாக உருண்டு வந்ததுதான். நம்புகிறேன், நம்பாமல் என்ன?

அது போகட்டும். உங்கள் வாசலில் இப்போது ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றதே, அது யாருடையது?

உட்காருங்கள், உட்காருங்கள். சும்மா கேட்டேன்.