பண்ணையின் சரியான நடுப்புள்ளி

அன்பும் மரியாதையும் நிறைந்த மாமாவுக்கு,

இங்கே நலம். முழங்கால் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததென்று அத்தை சொன்னார்கள். போனில் பேசினால் பாதியிலேயே சிரிப்பீர்கள், அதனால் எழுதுகிறேன்: சனிக்கிழமை பஸ்ஸில் நான் கிளம்புகிறேன். பண்ணையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளைத் தேடுங்கள்.

செவலைப் பசுவுக்கு நேற்றுக் காலை வலி கண்டது. ஒரு மணி நேரமாகியும் கன்றின் ஒரு கால்தான் வெளியே தெரிந்தது. மாட்டு டாக்டருக்குப் போன் போட்டால், ஆள் புதிது, வழி கேட்கிறார். பக்கத்து வயல் அக்கா போனைப் பிடுங்கி, எரிஞ்ச மில்லைத் தாண்டி, பஸ் கவுந்த வளைவில் திரும்பி, கடிக்கிற நாய் வீட்டுக்கு எதிரே வரச் சொல்கிறார். மில் எரிந்தது நான் பிறப்பதற்கு முன்னால், அங்கே இப்போது டைல்ஸ் கடை. பஸ்ஸை அன்றைக்கே தூக்கிவிட்டார்கள். நாய் செத்து நாலு வருஷம். இல்லாத மூன்றைப் பார்த்து ஒரு மனிதர் எப்படி வருவார்? அதெல்லாம் வேண்டாம் சார் என்று லொகேஷன் அனுப்பினேன். நான் இங்கே வந்த அன்றே நிலத்தின் நாலு மூலையையும் அளந்து, சராசரி எடுத்து, நடுப்புள்ளியைக் குறித்து வைத்திருந்தேன். ஒரு அடி பிசகாது. பிசகவும் இல்லை. அந்தப் புள்ளியில் உங்கள் குளம் இருப்பதைத்தான் யோசிக்கவில்லை. டாக்டர் பின்பக்கமாக வரப்பு மேலேயே வந்து, அக்கரைச் சேற்றில் பைக்கைச் சொருகிவிட்டுப் போன் செய்தார்.

“தம்பி, நீங்க சொன்ன இடத்துல தண்ணிதான் இருக்கு. மாடு உள்ளயா நிக்குது?”

சுற்றி வரலாமென்றால் நடுவில் வாய்க்கால் நிரம்பி ஓடுகிறது. செவலைக்குக் கண் செருகுகிறது. அக்கா மறுபடி அதே மில், அதே பஸ், அதே நாய். டாக்டர் பைக்கை இழுத்துக்கொண்டு திரும்பிப் போய், டைல்ஸ் கடையில் எரிஞ்ச மில் எதுவென்று கேட்டிருக்கிறார். இதுதான் சார் என்றாராம் கடைக்காரர், கொஞ்சமும் கூசாமல். அப்புறம் பத்தே நிமிஷம், வந்துவிட்டார். உள்ளே மடங்கிக் கிடந்த காலை அவர் நேராக்க, நானும் அக்காவும் கயிற்றைப் பிடித்தோம். நான் இழுத்த இழுப்பில் அக்கா என் கையில் ஒன்று போட்டார்.

“அது முக்கும்போது மட்டும் இழுடா. உன் அவசரத்துக்கு அது பெறாது.”

கன்று விழுந்தது. மூச்சில்லை. டாக்டர் அதன் மூக்கில் வைக்கோலை விட்டுக் குடைந்தார். என் முகத்தில் தும்மியது. கிடேரி. தாயும் நலம்.

எனக்கு இது சரிப்படாது மாமா. சனிக்கிழமையில் மாற்றமில்லை. மாடிப்படி ஏறாதீர்கள். அத்தைக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
பொறுமையில்லாத உங்கள் மருமகன்

பி.கு.: ஆறு வாரம் ஓய்வென்றால் ஆறு வாரமும் எடுங்கள், அவசரப்பட்டு வந்து நிற்காதீர்கள். வேறு ஆளும் வேண்டாம். மடங்கியிருந்த கால் கன்றுக்கு இன்னும் ஊன்றவில்லை, பிடித்து நிறுத்தினால்தான் பால் குடிக்கிறது. அக்கா பிடித்தால் குடிக்க மாட்டேன் என்கிறது. அம்மாவிடம் சொல்லி என் சட்டை நாலு அனுப்பச் சொல்லுங்கள். பழையதாக.