சுடர்நங்கைக்கு மாப்பிள்ளை வேண்டாம்

இராயபுரம், சென்னை-13
12-11-1974

‘சுழல்’ சித்திரக்கதை மாத இதழின் மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்கள் சமூகத்துக்கு,

திருமதி பிலோமி லியோனார்ட், பி.ஏ. (சரித்திரம்) பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் கணவரும் மகள் ரோசியும் கடற்காற்றின் தயவில் சுகமாக இருக்கிறோம். தாங்களும், தங்கள் குடும்பத்தாரும், ஓவியரும், அச்சுக் கோப்பவர்களும், மாதம் தவறாமல் இதழைக் கட்டுக்கட்டி ரயிலேற்றும் அந்த முகம் தெரியாத மகராசரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். கூப்பன் அனுப்பக் கடைசி நாள் சென்ற சனிக்கிழமையோடு முடிந்துவிட்டது என்பது எனக்குத் தெரியும். சரித்திரம் படித்தவள், தேதிகளை மதிக்கிறவள்தான். ஆனாலும் தாமதமாக வந்தது என்று இதைக் குப்பைக்கூடையில் போட்டுவிடாதீர்கள். நீங்கள் செய்யப்போகிற காரியத்தால் எங்களுக்குக் குடியிருக்கிற வீடு போகப்போகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் காமிக்ஸ் படிக்கிறவள் அல்ல. என் மகள் ரோசிதான் தங்கள் இதழின் தீவிர ரசிகை. ‘சுழல்’ கையில் இல்லாமல் ஒரு வாய் சோறு இறங்காது அவளுக்கு. ஓர் இதழைக் கையில் எடுத்தால் அக்குவேறு ஆணிவேறாகப் பிரிக்காமல் விடமாட்டாள். ஒரு தாய் என்ற முறையில், அவள் கைக்குப் போவதற்கு முன்னால் நான் ஒருமுறையும், சந்தேகம் தீர இன்னொருமுறையும் படித்துப் பார்ப்பதோடு சரி. அப்படிப் பார்த்ததில், பகலெல்லாம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ‘எந்த நம்பர் வேண்டும்’ என்று கேட்கும் வத்சலா, ஆபத்து என்றவுடன் தலையைச் சுற்றி ஒளிவட்டம் எழ, புடவைமேல் நீலப் போர்வை பறக்க, சுடர்நங்கையாக மாறிக் கப்பலைத் தூக்குவதும் பாலத்தைத் தாங்குவதும் பெண் குழந்தைக்கு ஏற்ற கதை என்றே பட்டது. வினை அங்கேதான் ஆரம்பம்.

ஜூலை இதழின் அட்டையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நீலப் போர்வை, தலைக்குப் பின்னால் ஒளி, பின்னணியில் கடல், காலடியில் பாம்புத்தலை வில்லன் நாகதத்தன். ரோசி ஆழ்ந்து படித்ததில் அந்த அட்டை தனியே வந்துவிட்டது. நானும் கஞ்சிப் பசை தடவி அட்டையில் ஒட்டி, அவள் சாப்பிடும்போது பார்க்கட்டும் என்று முன்னறை ஆணியில் மாட்டினேன். எங்கள் வீட்டுக்கார அம்மாள் இருதயம்மாளைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். கடற்கரையில் மீன் ஏலம் விடுகிறவர். அவர் வாய் திறந்தால் துறைமுகத்துச் சங்கு வாய் மூடிக்கொள்ளும். எங்களைக் குடிவைக்கும்போதே, “சுவத்துல சாமி படம் மாட்டு, இல்லாங்காட்டி சும்மா வுடு. கலீஜு சினிமாப் படம் ஏதுனா மாட்டுனே, சட்டி பானையோட கெளம்பிக்கினே இரு” என்று சொல்லியிருந்தார். எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் ஒரு நடிகை காலண்டரால் கிளம்பியவர்கள். அப்படிப்பட்டவர் அன்றைக்கு உள்ளே வந்து, படத்தைப் பார்த்து, சட்டென்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். “இது எந்தம்மா? பேரு இன்னா?” என்றார். “சுடர்நங்கை” என்றேன். பொய் சொல்லவில்லை, பாருங்கள். “கன்னியா, கட்டினவளா?” “கன்னி.” “இடுப்புல இன்னாமே பொட்டி?” அது அவளுடைய வயர்லெஸ் பெட்டி என்று தங்களுக்குத் தெரியும். நான், “ஜெபப்புத்தகம்” என்றேன். இது பொய்தான். ஒப்புக்கொள்கிறேன்.

அந்த ஆடிக் காற்றில் எண்ணூர்ப் பக்கம் போன அவருடைய தம்பி சிலுவைமுத்துவின் படகு இரண்டு நாளாகத் திரும்பவில்லை. அந்த அம்மாள் அங்கேயே முழங்காலிட்டு, “சுடர்நங்கையம்மா, அவன் குடிகாரப் பையன்தான், ஆனா எனக்கு ஒரே தம்பி” என்று அழுதுவிட்டுப் போனார். மறுநாள் விடியுமுன் படகு வந்துவிட்டது. உள்ளே வலை நிறைய மீனும், ஒன்றுமே நடக்காத மாதிரி சிலுவைமுத்துவும். அவ்வளவுதான்! சாயங்காலமே மெழுகுவர்த்தி, மல்லிகைச் சரம். சனிக்கிழமைதோறும் மீன்கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு எட்டுப் பெண்கள் என் முன்னறையில் செபமாலையோடு வந்து உட்கார்ந்தார்கள். செபம் முடிந்ததும் இருதயம்மாள், “படிச்ச பொண்ணாச்சே, அம்மாவோட சரித்திரத்த படிச்சு சொல்லு” என்றார். நான் என்ன செய்வேன்? தங்கள் இதழை வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டு வாசித்தேன். விஞ்ஞானி நாகதத்தனை ரோமாபுரி அதிகாரி ஆக்கினேன். அணுகுண்டை எரிகிற பாறை என்றேன். ஹெலிகாப்டர் வந்த இடத்தில் கொஞ்சம் திணறி, சம்மனசுகளின், அதாவது தேவதூதர்களின், ரதம் என்று சமாளித்தேன். தாயம்மா என்று ஒருத்தி, கருவாடு விற்கிறவள், “அந்த அதிகாரி செவுள்ல ஒண்ணு வுடாம இன்னா அவன்கிட்ட நாயம் பேசிகினு கீறா இவ?” என்று ஒவ்வொரு வாரமும் கேட்பாள். “மொதல்ல சொல்லிப் பாப்பா, அப்பாலதான் அடி” என்பார் இருதயம்மாள். ஆகஸ்டில் வீடு மந்திரிக்க வந்த அம்புரோஸ் சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே படத்தின் முன் நின்றார். படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். போச்சு, இன்றோடு நடுத்தெரு என்று ரோசியை இழுத்து அணைத்துக்கொண்டேன். அவர் குனிந்து, மெல்லிய குரலில், “இந்த மாசம் நாகதத்தன் தப்பிச்சிட்டானா?” என்றார். “இல்லை சுவாமி, சுரங்கத்துல மாட்டிக்கிட்டான்” என்றேன். “சந்தோஷம்” என்று சொல்லி இன்னொரு தடவை தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார்.

இப்படி நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் நவம்பர் இதழில் தங்கள் அறிவிப்பு வந்து விழுந்தது. ‘அடுத்த மாதம் சுடர்நங்கை திருமணச் சிறப்பிதழ்! ஒளியைத் துறந்து இல்லத்தின் ஒளியாகிறாள் நம் நாயகி! மணமகன் யார்? இன்ஸ்பெக்டர் ரஞ்சன்? அல்லது டாக்டர் பாஸ்கர்? பதினாறு வயதுக்குட்பட்ட வாசகர்களே, கூப்பனில் தேர்ந்தெடுங்கள்!’ கூப்பனில் இரண்டே கட்டம். அந்தப் பக்கத்தை ரோசியிடம் நீட்டினேன். அவள் ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு வீறிட்டு அழுது, அதை இரண்டாகக் கிழித்துவிட்டாள். இதைவிடத் தெளிவாக ஒரு வாசகியால் கருத்துச் சொல்ல முடியுமா? என் கணவர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், “பொம்மைக்குக் கல்யாணம்னா நீ ஏன் பேஜாராவுற?” என்கிறார். அவருக்கென்ன? ஸ்டேஷன் பக்கம் ஜாபர் பாய் கடையில் மாதாமாதம் தங்கள் அட்டையைக் கிளிப் போட்டு வாசலிலேயே தொங்கவிடுவார்கள். டிசம்பரில், எட்டுப் பெண்கள் மெழுகுவர்த்தி ஏற்றிய கன்னிகை, மீசைக்காரர் ஒருவர் பக்கத்தில் மாலையும் கழுத்துமாகத் தலைகுனிந்து தொங்குவாள். இருதயம்மாள் அதைப் பார்த்த அன்றைக்கு நாங்கள் புழலுக்கு அந்தப் பக்கம்தான் வீடு தேட வேண்டும்.

வீட்டை விடுங்கள். நியாயத்துக்கு வருகிறேன். கப்பல்காரர்கள் விட்டுப்போகும் வெளிநாட்டுக் காமிக்ஸ்களை என் கணவர் ரோசிக்காகக் கொண்டுவருவார். ட்ரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன, தேதி வாரியாக அடுக்கியிருக்கிறேன். அதைப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். யுத்த காலத்தில் அந்த நாயகிகள் என்னென்ன செய்தார்கள்! யுத்தம் முடிந்தது, ஆண்கள் வீடு திரும்பினார்கள், கொஞ்ச நாளில் பாதி நாயகிகளைக் காணவில்லை. மிச்சமிருந்தவர்கள் காதலுக்காகக் கண்ணீர் விட்டார்கள். ஒரு வீரர் சங்கத்தில், கூட்டத்திலேயே பெரிய பலசாலி ஒரு பெண். அவளுக்குக் கொடுத்த பதவி என்ன தெரியுமா? காரியதரிசி! அவர்கள் சண்டைக்குப் போவார்களாம், இவள் உட்கார்ந்து மினிட்ஸ் எழுதுவாளாம். இன்னொரு குழுவில் நாலு பேர். ஒருவன் பாறை, ஒருவன் நெருப்பு, ஒருவன் ரப்பராக நீளுவான். ஒரே ஒரு பெண், அவளுக்குக் கிடைத்த சக்தி, கண்ணுக்குத் தெரியாமல் போவது. இதற்கு எதற்கு ஐயா சக்தி? எங்கள் சந்தில் எந்த வீட்டிலும் ஆண்கள் சாப்பிட உட்கார்ந்தால் நாங்கள் எல்லோரும் அதைத்தானே செய்கிறோம்? அறுபத்தெட்டில் ஒரு பெரிய நாயகியின் சக்தியையே பிடுங்கித் துணிக்கடை வைக்கச் சொன்னார்கள். அந்த ஊர்ப் பெண்கள் சும்மா இருக்கவில்லை, அவர்களே நடத்தும் ஒரு பத்திரிகையின் அட்டையிலேயே அவளைப் பழைய கோலத்தில் நிறுத்தினார்கள். போன வருடம் சக்தி திரும்பிவிட்டது. அவர்கள் ஐந்து வருடத்தில் திருத்திக்கொண்ட தவறை நாம் இப்போதுதான் புதிதாக ஆரம்பிக்க வேண்டுமா?

அங்கே படம் வரைந்த பெண்கள்கூடச் சிலர் ஆண்பெயர் போலத் தோன்றும் பெயருக்குள் ஒளிந்துகொண்டு வரைந்திருக்கிறார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், தங்கள் ஓவியர் ‘தாமு’ யார் என்று எனக்கு ஒரு சந்தேகம். அணுகுண்டைத் தூக்குமுன் சுடர்நங்கை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகுகிறாள் பாருங்கள், அது சரியான இடத்தில், சரியான இழுப்பில் இருக்கிறது. புடவை கட்டி வேலை செய்யாத கை அதை வரையாது. தாமு அவர்களுக்கோ, தாமு அவர்களின் தூரிகையைப் பிடித்திருக்கும் அம்மணிக்கோ என் வணக்கத்தைத் தெரிவியுங்கள்.

நான் கல்யாணத்துக்குப் பின்னும் ஒன்றரை வருடம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தினேன். ரோசிக்காக வேலையை விட்ட அன்று பிரிவு உபசாரம் வைத்தார்கள். ஒரு சுவர்க்கடிகாரம், ஒரு மாலை, ஒரு வாழ்த்துரை. வாழ்த்துரையில், ‘இனி இல்லத்தின் ஒளி’ என்று படித்தார்கள். தங்கள் அறிவிப்பில் அதே வார்த்தைகளைப் பார்த்ததும் என்னவோ போல் இருந்தது. அதைப் பற்றி இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை. ஆகையால் இத்துடன் கூப்பனை இணைத்திருக்கிறேன். தாங்கள் அச்சிட மறந்த மூன்றாவது கட்டத்தை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ‘யாரும் வேண்டாம்’ என்று எழுதி, அதில் குறியும் போட்டிருக்கிறோம். மாப்பிள்ளை என்ற பேச்சே கூடாது. இதில் பேரமில்லை.

தங்கள் அச்சு இயந்திரம் தடங்கலின்றி ஓடவும், வண்ணம் கோட்டைத் தாண்டி வழியாதிருக்கவும், விற்காத பிரதிகள் திரும்பி வராதிருக்கவும் எல்லாம் வல்ல இறைவனையும், இராயபுரத்துச் சுடர்நங்கையம்மாளையும் மன்றாடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பெண்ணைப் பெற்ற கவலையோடு,
பிலோமி லியோனார்ட்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் சமயத்தில் இருதயம்மாள் வந்துவிட்டார். “யாருக்கு இம்மாம் நீட்டு கடுதாசி?” என்றார். மறைக்க வழியில்லை. “படி” என்றார். படித்தேன், ஒரு வரி விடாமல். முடித்துவிட்டு, எந்தப் பாத்திரத்தை முதலில் கட்டுவது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, “எனக்கு எழுத்துதான் தெரியாது, கண்ணு தெரியும். எந்த ஊரு மாதா இடுப்புல ரேடியோ பொட்டி மாட்டிகினு நிக்கிறா? படகு வந்த வாரமே ஜாபர் கடையில அதே மூஞ்சி தொங்கிகினு கீது. ரதம்னியே, மேல வெசிறி சுத்திகினு கீதே, அதுக்கு இன்னா சொல்ற?” என்றார். “தெரிஞ்சுமா மெழுகுவர்த்தி?” என்றேன். “செபத்துக்குப் போறேன்னாத்தான் எங்க வூட்டு ஆம்பளைங்க வாய மூடிகினு வுடுவானுங்க. கத கேக்கப் போறேன்னா வுடுவானுங்களா? எட்டு பேருக்கும் தெரியும், ஒனக்குத்தான் தெரியாது.” பிறகு கூப்பனைத் தட்டிக் காட்டி, “இது தப்பு” என்றார். “கட்டிக்கறதும் கட்டிக்காததும் அவ இஷ்டம். நான் கட்டிக்கல? ஏலத்த வுட்டனா? வேலைய ஏன் வுடணும், அத்த கேளு. நீ இஸ்கூல வுட்டியே, ஒனக்கு எவன் கூப்பன் குடுத்தான்?” நான் கூப்பனைத் திரும்பக் கையில் எடுத்தேன்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, மேலே உள்ள கடிதத்தை ரத்து செய்துகொள்ளுங்கள். இன்ஸ்பெக்டரோ டாக்டரோ, யாரையாவது கட்டிவையுங்கள், அல்லது கட்டிவைக்காமலே விடுங்கள். போர்வையையும் ஒளியையும் மட்டும் கழற்றாதீர்கள். மூன்றாவது கட்டத்தைத் திருத்தி, ‘யாரானால் என்ன, வேலையை விடமாட்டாள்’ என்று எழுதியிருக்கிறேன். இதே கட்டம் போட்ட ஒன்பது கூப்பன்கள் வைத்திருக்கிறேன், எட்டு ஜாபர் பாய் கடையில் வாங்கிய இதழ்களிலிருந்து வெட்டியவை. இருதயம்மாள், வயது ஐம்பத்திரண்டு, வகுப்பு இல்லை, கைநாட்டு. மற்ற ஏழும் அப்படியே. பதினாறு வயது விதிக்கு உட்பட்டது ஒன்றே ஒன்றுதான்: ரோசி லியோனார்ட், வயது பத்து மாதம். கிழிந்ததை ஒட்டியிருக்கிறேன். ஓரத்தில் தெரியும் நான்கு பல் தடங்களையும் அவளுடைய கையொப்பமாக ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.