ஊதாக் குழாய்

மூன்றாவது மாடி ராஜாத்தி சமையலறைக் குழாயில் பக்கெட் வைத்துத் தண்ணீர் பிடித்து, அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கழிப்பறையில் ஊற்றுகிறாள் என்ற சேதி வந்தபோது வேம்பு தலை வாரிக்கொண்டிருந்தாள். பாதிப் பின்னலோடு படியேறினாள்.

சங்கத்துச் செயலாளர் பதவி அவள் கேட்டு வாங்கியதல்ல. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் வேலை. கத்திரிக்காயைக் கண்டால் ஓடுகிற பிள்ளைகளையே உட்காரவைத்துச் சாப்பிட வைக்கிறவள், ஐந்து மாடி ஜனத்தைச் சமாளிக்க மாட்டாளா என்று தலையில் கட்டிவிட்டார்கள். வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் ஒண்டுக் குடித்தனம் இருந்தவர்கள் சங்கமாகச் சேர்ந்து, வருஷக்கணக்காகச் சீட்டுக் கட்டுவதுபோல் கட்டி, தண்டையார்பேட்டையில் எழுப்பிய கட்டிடம் அது.

புதிதாகக் கட்டுகிற கட்டிடம் என்றால் இரண்டு குழாய் இருந்தாக வேண்டும் என்று விதி. வெள்ளைக் குழாயில் நல்ல தண்ணீர். ஊதாக் குழாயில், குளித்த தண்ணீரையும் துணி துவைத்த தண்ணீரையும் மெஷினில் சுத்தம் செய்து திரும்ப அனுப்புவது. அது கழிப்பறைக்கு மட்டும். இரண்டுக்கும் மொட்டை மாடியில் தனித்தனித் தொட்டி. ஊதாக் குழாய் இல்லையென்றால் குடிபோக அனுமதி கிடையாது. சாவி கொடுத்த அன்று கட்டிடக் கம்பெனி இஞ்சினியர் இதை விளக்கியபோது எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டியது எதற்கு என்பது குடிவந்த பிறகுதான் உறைத்தது.

ராஜாத்தி வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"நாறுது" என்றாள்.

"இன்னாக்கா நாறுது?"

"நீயே வந்து மோந்து பாரு."

வேம்பு உள்ளே போய்க் குனிந்து பார்த்தாள். நாறியது போலத்தான் இருந்தது. மேலாக ஒரு சோப்பு வாசம், அடியில் வேறு என்னவோ. அதை ஒப்புக்கொள்ளாமல், மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்றடிக்கிறது, அந்த வாசமாக இருக்கும் என்றாள்.

ராஜாத்தி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "எங்கப்பன் ஆயுசு பூரா சாக்கடையில எறங்கி வேலை செஞ்சாரு. வாசல்லயே நின்னு குளிச்சிட்டுத்தான் எங்கள தொடுவாரு. அவரு வெளிய நிறுத்துன தண்ணிய நீ பைப்பு போட்டு வூட்டுக்குள்ள வுட்டுக்கினு கீற."

வேம்பு இறங்கி வந்துவிட்டாள்.

ஆனால் அவளுக்கு இருந்த பயம் வேறு. கழிப்பறைக்கும் நல்ல தண்ணீரையே ஊற்ற ஆரம்பித்தால் வெள்ளைத் தொட்டி மதியத்துக்குள் காலியாகும். அப்புறம் குடம்தான், படிதான். பழைய வீட்டில் லாரித் தண்ணீருக்கு நின்று, குடத்தை இடுப்பில் வைத்து மாடியேறிய காலத்தில்தான் அவளுடைய முதல் பிள்ளை வயிற்றிலேயே போனது. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசுவதில்லை. இந்தக் கட்டிடத்தில் ஒரு பெண்ணும் படியில் தண்ணீர் சுமக்கக் கூடாது என்று மட்டும் மனசுக்குள் வைத்திருந்தாள்.

கூட்டம் போட்டால் தீர்ந்துவிடும் என்று நினைத்தாள். கீழே உச்சிமாகாளியின் மளிகைக் கடை வாசலில் எல்லோரையும் கூட்டி, தண்ணீர் எப்படிச் சுத்தமாகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னாள். எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். கலைகிற நேரத்தில் யாரோ ஒருவர், யார் வீட்டில் குளித்த தண்ணீர் யார் வீட்டுக்கு வரும் என்று கேட்டார்.

"எல்லாரோடதும் ஒண்ணா கலந்துதான் எல்லாருக்கும் வரும்" என்றாள் வேம்பு.

அதுவரைக்கும் ராஜாத்தி வீட்டில் மட்டும்தான் பிரச்சினை. அதற்குப் பிறகு ஐந்து மாடியிலும் பிரச்சினை. அதுவரை அது யாருடையதும் அல்லாத ஏதோ ஒரு தண்ணீராக இருந்தது. இப்போது ஒவ்வொருவருக்கும் அதில் பக்கத்து வீட்டுக்காரரின் முகம் தெரிந்தது. நாலாவது மாடிக்காரருக்குத் தோலில் படை இருப்பதை முதல் மாடி நினைவுபடுத்திக்கொண்டது. இரண்டாவது மாடியில் தினமும் குளியலறையில் வைத்து மீன் கழுவுகிறார்கள் என்று ஐந்தாவது மாடி சொன்னது. சாயங்காலத்துக்குள் கட்டிடத்தில் பாதிப் பேர் பக்கெட்டுக்கு மாறிவிட்டார்கள்.

வாசம் போனால் சண்டையும் போகும் என்று அடுத்து முடிவு செய்தாள். ஷேர் ஆட்டோ ஓட்டுகிற அவள் புருஷன் லட்சுமணனை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், ஊதாத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடச் சொன்னாள். எவ்வளவு என்று அவன் கேட்டான். பள்ளிக்கூடம் முழுவதற்கும் உப்புப் போட்டுப் பழகிய கை அவளுடையது. அந்தக் கையால் அளந்து கொடுத்தாள்.

மறுநாள் கட்டிடம் முழுக்க ஆஸ்பத்திரி வாசம். கழிப்பறைக்குப் போனவர்கள் எல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். ஒரு வீட்டில் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரர் துக்கம் விசாரிக்கப் போய்விட்டார். முன்பு நாற்றத்தை மட்டும் விட்டாள், இப்போது மருந்து போட்டு மறைக்கிறாள் என்று ராஜாத்தி மாடி மாடியாகப் போய்ச் சொன்னாள். உச்சிமாகாளி கடையில் கேன் தண்ணீர் வழக்கத்தைவிட ஒரு வண்டி கூடுதலாக இறங்கியது.

கட்டிடக் கம்பெனிக்கு வேம்பு போன் போட்டாள். ஆள் வருவார் என்றார்கள். எப்போது என்று சொல்லவில்லை.

உச்சிமாகாளி திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர். நல்ல மனுஷர். கேன் வியாபாரம் ஏறியது அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. வேம்புவைக் கூப்பிட்டு ஒரு யோசனை சொன்னார்.

"வெட்டிவேரு போட்டுப் பாருங்கம்மா. எங்க ஊர்ல பானைத் தண்ணியில போடுவோம்லா. அப்படி ஒரு வாசம் வரும்."

கடையில் விற்காமல் கிடந்த வெட்டிவேர்க் கட்டுகளை எல்லாம் எடுத்து அவரே கொடுத்தார். லட்சுமணன் மறுபடியும் தொட்டிக்குள் தலையை விட்டான். வாசத்தில் ஒரு குறையும் இல்லை, கோயில் பிரகாரம்போல மணத்தது. ஆனால் பானைக்கு ஒரு சின்னக் கட்டுதான் போடுவார்கள். அத்தனை வேரும் ஊறினால் தண்ணீருக்குச் சாயம் ஏறும் என்பதை உச்சிமாகாளி சொல்லவில்லை, வேம்புவும் யோசிக்கவில்லை. காலையில் ஐந்து மாடியிலும் வெள்ளை வெளேரென்ற கழிப்பறைக் கோப்பைகளில் தண்ணீர் இறங்கியது. அது என்ன நிறத்தில் இறங்கியது என்று இங்கே சொல்ல வேண்டியதில்லை.

ராஜாத்தி அந்தத் தண்ணீரை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து, எல்லோரும் பார்க்கட்டும் என்று மளிகைக் கடை மேஜைமேல் வைத்தாள். வெளி ஆள் ஒருவர் தேன் என்ன விலை என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து ஊதாக் குழாயை யாரும் தொடவில்லை. வேம்பு வீட்டிலேயே லட்சுமணன் அவளுக்குத் தெரியாமல் வெள்ளைக் குழாயில் பக்கெட் பிடித்தான். வெள்ளைத் தொட்டி காலையிலேயே வற்றியது. ஜனம் தெருமுனை அடிபம்புக்குப் போனது. பக்கெட்டும் குடமுமாக லிஃப்டில் ஏற்றியதில், தண்ணீர் சிந்திச் சிந்தி லிஃப்ட் ஒருநாள் பாதி வழியில் நின்றது. பிறகு எல்லோரும் படியில் ஏறினார்கள்.

வேலைக்குப் போய்த் திரும்பிய ஒரு மதியம், இரண்டாவது மாடித் திருப்பத்தில் செங்கொடி உட்கார்ந்திருப்பதை வேம்பு பார்த்தாள். ராஜாத்தியின் மருமகள். ஏழு மாசம். பக்கத்தில் ததும்பத் ததும்ப ஒரு பக்கெட். ஒரு கை கைப்பிடிச் சுவரிலும் இன்னொரு கை வயிற்றிலும் இருந்தது.

"ஒண்ணும் இல்லக்கா. மூச்சு வாங்குச்சு, உக்காந்தேன்" என்றாள்.

வேம்பு பக்கெட்டைத் தூக்கினாள். தண்ணீர் சிந்தியதில் பாதி வழியிலேயே சேலை நனைந்துவிட்டது. மூன்றாவது மாடியில் ராஜாத்தியின் காலடியில் அதை வைத்தாள். ராஜாத்தி பக்கெட்டையும் பின்னால் வந்த மருமகளையும் பார்த்தாள். தான் மாவரைக்கப் போயிருந்த நேரத்தில் இவள் இறங்கிவிட்டாள் என்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"ஞாயித்துக்கெழம காலைல மொட்டை மாடிக்கு வா. எல்லாரையும் இட்டுக்கினு வா" என்று சொல்லிவிட்டு வேம்பு இறங்கிவிட்டாள்.

என்ன செய்யப் போகிறாள் என்பதை லட்சுமணனிடம் மட்டும் சொன்னாள். அவன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, தானே குடிப்பதாகச் சொன்னான். செயலாளர் நீயா நானா என்று அவள் கேட்டாள். அவன் சனிக்கிழமை முழுவதும் ஊதாத் தொட்டிக்குள் இறங்கி, வேரையும் சாயத்தையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். தன் பெண்டாட்டியின் வயிற்றுக்குள் போகப்போவதை இதற்குமேல் கழுவ முடியாது என்று தெரிந்த பிறகுதான் வெளியே வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடி நிறைந்திருந்தது. தொட்டி புதிதாக நிரம்பியிருந்தது. வேம்பு ஒரு எவர்சில்வர் டம்ளரை ஊதாக் குழாயில் பிடித்தாள்.

"இதுல எங்கூட்டுத் தண்ணியும் கீது, உங்க வூட்டுத் தண்ணியும் கீது. நாம ஒருத்தருக்கு ஒருத்தர் விஷம் இல்ல. பாத்துக்கங்க."

குடித்தாள். முதல் மடக்கிலேயே சோப்பு தெரிந்தது. அடுத்த மடக்கில் யாரோ தலைக்குத் தேய்த்த எண்ணெய். அதற்கும் அடியில் இரண்டாவது மாடி மீன். நாலாவது மாடிக்காரரின் படையை நினைக்காமல் இருக்கக் கண்ணை மூடிக்கொண்டாள். கடைசிச் சொட்டுவரை குடித்து, டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள். யாரும் கைதட்டவில்லை. ஒரு கிழவர் மட்டும் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

வீடு வரைக்கும் நிமிர்ந்து நடந்து போனாள். வாசலைத் தாண்டியதும் வாந்தி. பிறகு வயிற்றுவலி, குளிர், கண்ணைத் திறக்க முடியாத அசதி. லட்சுமணன் ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். என்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்டார். சொன்னார்கள். டாக்டர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டு, ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றச் சொன்னார்.

சாயங்காலம் அவள் வீட்டில் சுருண்டு படுத்திருந்தபோது ராஜாத்தி கஞ்சி கொண்டுவந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, ஆற்றி, ஒவ்வொரு ஸ்பூனாக ஊட்டினாள். பாதிக் கஞ்சி இறங்கியது.

"இப்ப நான் ஊதா பைப்பைத் தொறந்துட்டுத்தான் வரேன்" என்றாள் அப்புறம். "செங்கொடி இனிமே பக்கெட்ட தொட மாட்டா."

வேம்பு தலையை ஆட்டினாள்.

"எங்கப்பன் இருந்திருந்தா உனக்கு ஒரு சலாம் வெச்சிருப்பாரு, வேம்பு."

வேம்பு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் அழுததை ராஜாத்தி பார்த்தாலும் பார்க்காத மாதிரி கிண்ணத்தைக் கழுவப் போனாள்.

ராஜாத்தி திறந்துவிட்டாள் என்றால் மற்றவர்கள் மூடி வைத்திருக்க முடியுமா? ஒவ்வொரு மாடியாகப் பக்கெட்டுகள் உள்ளே போயின. வாசமே இல்லை என்றார்கள். வேம்பு குடித்த பிறகு தண்ணீரே மாறிவிட்டது என்றார் நாலாவது மாடிக்காரர். உச்சிமாகாளி கேன்களைக் குறைத்துக்கொண்டு, வேம்பு தேறும்வரை தினம் ஒரு பன்னீர் சோடா அனுப்பினார். லிஃப்ட் ஓடியது. வெளியிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் ராஜாத்தியே முன்னால் நின்று ஊதாக் குழாயைக் காட்டி, அடுத்தவர் அழுக்கைத் தாங்கத் தெரிந்தவர்கள்தான் ஒன்றாக வாழ முடியும் என்று விளக்கம் கொடுத்தாள்.

செங்கொடிக்கு மொட்டை மாடியில் வளைகாப்பு வைத்தார்கள். ஐந்து மாடியும் திரண்டிருந்தது. முதல் வளையலை யார் போடுவது என்று பேச்சு வந்தபோது, ராஜாத்தி யாரையும் கேட்கவில்லை. வேம்புவின் கையைப் பிடித்து இழுத்து வந்து மருமகளுக்கு எதிரே உட்காரவைத்தாள். வேம்பு தயங்கினாள். தன் கையால் போடலாமா என்று கேட்டாள். உன் கையால்தான் போட வேண்டும் என்றாள் ராஜாத்தி. வேம்பு கண்ணாடி வளையலை எடுத்து, அந்தப் பெண்ணின் விரல்களை மெல்லக் குவித்து, வலிக்காமல் ஏற்றினாள்.

அப்போதுதான் கம்பெனிச் சட்டை போட்ட ஒரு ஆள் படியேறி வந்து, இங்கே செயலாளர் யார் என்று கேட்டார். தன் பெயர் தவ்ஃபீக், தண்ணீர் சுத்தம் செய்கிற மெஷின் விஷயமாக வந்திருப்பதாகச் சொன்னார்.

வேம்பு உட்கார்ந்த இடத்திலிருந்தே, சந்தனம் பூசிய முகத்தோடு அவரைப் பார்த்துச் சிரித்தாள். "அதெல்லாம் ஒண்ணும் ரிப்பேர் இல்ல, தம்பி. மெஷின் நல்லா ஓடிக்கினு கீது. நாங்கல்லாம் பழகிட்டோம்."

தவ்ஃபீக் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு தயக்கத்தோடு சொன்னார்:

"மெஷினே இப்பத்தான் கீழ வண்டியில வந்து எறங்கிக்கினு கீதுக்கா, இத்தினி நாளா ரெண்டு பைப்லயும் ஒரே நல்ல தண்ணியத்தான் வுட்டு வெச்சிருந்தோம், குளிச்ச தண்ணி இன்னிலருந்துதான் வரும்."