உண்மை சொல்லும் ஒரு மூக்கு வேண்டும்

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

உங்கள் தங்கையின் மூத்த மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அம்மாவின் முழங்காலைத் தவிர எல்லோரும் நலம். அங்கே அத்தையின் கோபமும் உங்கள் சர்க்கரையும் ஏறாமல் இருக்கும் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து சத்தமாகப் படிக்காதீர்கள். அத்தை பக்கத்தில் இருந்தால், கரண்ட் பில் வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே போய்ப் படியுங்கள். போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் ஒருவர் போனில் பேசினால் மற்ற எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். தவிர, நான் கேட்கப்போகும் உதவியை வாயால் கேட்க என்னால் ஆகாது. எழுதினால் நீங்கள் படிக்கிற நேரத்தில் நான் உங்கள் எதிரில் நிற்க மாட்டேன், அந்த ஒரு தைரியம்தான்.

விஷயம் இதுதான். அடுத்த சனிக்கிழமை பேருந்து நிலைய மேலாளர் என் வால்வுகளைக் கழற்றி எறிந்துவிடுவார். அன்றைக்கே அப்பா என்னைப் பட்டறை வேலையிலிருந்து நிறுத்திவிடுவார். இரண்டையும் தடுக்க உங்களால் மட்டும்தான் முடியும். எப்படி என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். இப்போதே எழுதினால் நீங்கள் மேற்கொண்டு படிக்க மாட்டீர்கள்.

நான் ரப்பர் பட்டறையில் பிசிறு வெட்டுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். அச்சிலிருந்து வரும் வாஷர்களின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பரைக் கத்தரியால் நறுக்குகிற வேலை. வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லப் பயந்து பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு ஏற்ற வேலை, ஏனென்றால் வாஷர் யாரையும் எழுந்து நிற்கச் சொல்லாது. அப்படியே இருந்திருக்கலாம். இந்த வருஷத் தொடக்கத்தில் முதலாளி ஒரு ஆர்டரைப் பிடித்துக்கொண்டு வந்தார். பேருந்து நிலையத்தில் ஆண்கள் போகிற அந்த இடத்தில், சுவரில் வரிசையாகக் கிண்ணங்கள் பதித்திருக்குமாமே, அவற்றுக்குத் தண்ணீரே ஊற்றாமல் சமாளிக்க அடியில் ஒரு வால்வு வேண்டும். மேலிருந்து வருவது கீழே இறங்க வேண்டும், கீழே இருக்கிற நாற்றம் மேலே ஏறக் கூடாது. முதலாளி ஒரு பந்தை வைத்துச் செய்து பார்த்தார், பந்து போன இடத்தில் ஒட்டிக்கொண்டது. எண்ணெயை மிதக்கவிட்டுப் பார்த்தார், நாளாக ஆக எண்ணெயும் கூடவே இறங்கிப் போய்விட்டது. ஒரு நாள் காலையில் நான் பால் பாக்கெட்டின் மூலையைக் கொஞ்சமாக வெட்டி ஊற்றிவிட்டு நிமிர்த்தினேன். ஈரமாக இருந்த அந்த மூலையின் இரண்டு உதடுகளும் தாமாகவே ஒட்டி மூடிக்கொண்டன. அன்றைக்கே கழிவு ரப்பரில் ஒன்று வெட்டி ஒட்டினேன், மேலே வட்டமாக, கீழே வர வரத் தட்டையாக, வாத்தின் அலகு மாதிரி. அதை முதலாளியின் மேசையில் வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். சொல்லிவிட்டு வைக்க வாய் வரவில்லை. அவர் அதில் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு, பட்டறை நடுவில் நின்று, "யாரு வச்சது இதை?" என்று கத்தினார். திட்டத்தான் போகிறார் என்று நான் அழுதுவிட்டேன். அழுததால்தான் நான் என்று கண்டுபிடித்தார்கள்.

அச்சு செய்து, ஐந்து வால்வுகள் வார்த்து, பட்டறையில் ரப்பர் பிரஸ் ஓட்டுகிற அண்ணன் போய் மாட்டிவிட்டு வந்தார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. யோசித்துப் பாருங்கள் மாமா. நாற்காலி செய்தவர் அதில் உட்கார்ந்து பார்க்கலாம். அப்பா தைத்த சட்டையை அப்பாவே போட்டுப் பார்க்கலாம். நான் செய்த வால்வை நான் போய்ப் பார்க்க முடியாது. வாசலில் மீசை வைத்த ஒரு தலையை வரைந்து பலகை மாட்டியிருக்கிறார்கள். எனக்கு வேண்டியது ஒரே ஒரு பதில். மூடுகிறதா, இல்லையா? அதை ஒரு ஆண்பிள்ளையின் வாயிலிருந்து வாங்க நான் பட்ட பாடு இருக்கிறதே! முதலாளியைக் கேட்டேன். "சூப்பர்மா, ரோஜாப்பூ வாசனை!" என்றார். ரோஜாப்பூ வாசனை என்றால் அவர் உள்ளே போகவே இல்லை என்று அர்த்தம். பிரஸ்கார அண்ணனைக் கேட்டேன். "நாத்தமே இல்ல பாப்பா" என்றார்.

"நல்லா மோந்து பாத்தீங்களாண்ணே?"

"மோந்து பாக்கவா? அந்த மாதிரி எடத்துக்கெல்லாம் நான் மூச்சைப் புடிச்சிக்கிட்டுதான் போவேன்."

நிலைய மேலாளருக்கு வருஷம் முழுக்க ஜலதோஷம். பூண்டை மூக்கில் வைத்தாலும் தெரியாது. அவர் கைக்குட்டைக்குள்ளிருந்து சொன்னார்: "எனக்கு ஒன்னும் தெரியலம்மா. ஆனா பயணிங்க நாறுதுன்னு புகார் சொல்றாங்க. அது போகட்டும், தண்ணியே வேணாம்னுதானே இதை மாட்டினீங்க? போன மாசத்தைவிடத் தண்ணி அதிகமால்ல செலவாகியிருக்கு? சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்பறம் எல்லாத்தையும் பிடுங்கிட்டுப் பழைய குழாயே போட்டுருவேன்." தண்ணீர் எப்படிச் செலவாகும் என்று விசாரித்தால், எல்லாம் அங்கே துப்புரவு வேலை பார்க்கிற அக்காவின் கைங்கரியம்.

"தண்ணி ஊத்தாம ஒரு எடம் எப்படிம்மா சுத்தமாகும்? மனசு கேக்கல. அதான் ரெண்டு வாளி சேத்தே ஊத்துறேன்."

"அக்கா, அது ஊத்தக்கூடாத கிண்ணம்கா."

"பாவம்ல அது? வாயில்லா ஜீவன் மாதிரி காஞ்சு கெடக்கு."

சரி, நாற்றமாவது தெரிகிறதா என்று கேட்டேன். "எனக்கு எங்க போனாலும் பினாயில் வாசனைதாம்மா. என் வீட்டுச் சோத்துலயும் பினாயில் வாசனைதான்" என்றார்.

வேறு வழியில்லாமல், சாப்பாட்டு நேரத்தில் நானே போய் எதிரில் உள்ள தூணோரம் நின்று, வெளியே வருகிறவர்களின் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். நாற்றம் இருந்தால் முகத்தில் தெரிந்துதானே ஆக வேண்டும்? ஆனால் மாமா, பேருந்தில் வந்தவர்கள் உள்ளே போகும்போதே முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் போகிறார்கள். ஒருவர் சிரித்துக்கொண்டே வந்தார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அப்புறம் பார்த்தால் அது அவசரம் தீர்ந்த சிரிப்பு. அதில் வால்வுக்குப் பங்கில்லை. ஒரு பெரியவர், "யாரைத் தேடுற கண்ணு?" என்று கேட்டார். பதறிப்போய், "அப்பாவை" என்று சொல்லிவிட்டேன். அவர் நல்ல மனிதர், நேரே வாசலுக்குப் போய், "யாருப்பா உள்ள, உன் பொண்ணு வெளிய நின்னு அழுவுது!" என்று குரல் கொடுத்தார். மூன்று பேர் பாதியில் ஓடி வந்தார்கள். மூவருக்கும் பெண் இருக்கிறதாம். நான் தூணுக்குப் பின்னால் போனவள்தான், அன்று பட்டறைக்குத் திரும்பிப் போகவே இல்லை.

இதையெல்லாம் கேட்டு இரக்கப்பட்டுத்தான் துப்புரவு அக்கா நேற்று, "ஆளில்லாத நேரமாப் பாத்துக் கூட்டிட்டுப் போறேன், எட்டிப் பாத்துட்டு ஓடிரு" என்றார். வாசலில் வாளியை வைத்து மறித்தார். நான் முதல் கிண்ணத்தின் பக்கம் குனிவதற்குள் வெளியே ஒரு பேருந்து வந்து நின்றது. எங்கேயோ தூரத்திலிருந்து வழியில் நிற்காமல் வந்த பேருந்து. வாளி என்ன செய்யும், தாண்டி வந்துவிட்டார்கள். நான் கதவு இருக்கிற ஒரு அறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டேன். காது திறந்திருக்கிறதே, அதையாவது பயன்படுத்தலாம் என்று கவனித்தேன். மூடும்போது என் வால்வு 'ப்ச்' என்று சின்னதாக ஒரு சத்தம் போடும். ஒன்று கேட்டது. இன்னொன்று கேட்டது. அதற்குள் ஒருவர் நின்றபடியே போனில் யாருக்கோ நிலம் விற்க ஆரம்பித்துவிட்டார், அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. போதாததற்கு என் கதவைத் தட்டினார்கள். "யாருங்க உள்ள? கொஞ்சம் சீக்கிரம் வாங்க, தாங்கல." நான் என்ன குரலில் பதில் சொல்வது? எவ்வளவு தடித்த இருமல் வருமோ அவ்வளவு தடிப்பாக இருமினேன். "பாவம், வயசானவர் போல" என்று வெளியே சொல்லிக்கொண்டார்கள். ஹாரன் அடித்துக் கூட்டம் கலைந்த பிறகு தலைகுனிந்து வெளியே ஓடி வந்தால், நேர் எதிரே பேப்பர்க் கடைக்காரர். அப்பாவிடம் பேன்ட் தைக்கிறவர். விரித்த பேப்பருக்கு மேலே இரண்டு கண்கள்.

நான் வீடு போய்ச் சேர்வதற்குள் செய்தி சேர்ந்துவிட்டது. அப்பா என்னிடம் பேசவில்லை, அம்மாவிடம் பேசினார். "உன் பொண்ணு எங்கேர்ந்து வருதுன்னு கேளு."

"வேலை விஷயமாத்தானே போயிருக்கு?" என்றாள் அம்மா.

"என்ன வேலை? அந்த வேலைக்குப் பேரு சொல்லு பாப்போம். கடைக்கு வர்றவன், பொண்ணு என்ன பண்ணுதுன்னு கேட்டா நான் என்னன்னு சொல்ல?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். வீட்டில் மூன்று பேர் இருந்தோம், மூவருக்கும் அந்த வார்த்தை வாயில் வரவில்லை. கடைசியில் அப்பா, "சனிக்கிழமை வரைக்கும் போகட்டும். அப்பறம் என் கடையில உக்காந்து காஜா எடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

பட்டன் துளைக்கு நூல் சுற்றுவது கெட்ட வேலை இல்லை மாமா. ஆனால் நான் யோசித்துச் செய்த ஒரு பொருள் வீட்டுக்கு வெளியே போய் ஊருக்கு உழைப்பது இதுதான் முதல் தடவை. அது தோற்றிருந்தால் தோற்றது என்று தெரிந்தால் போதும், திருத்திவிடுவேன். மேல் வட்டம் கோணலாக உட்கார்ந்திருந்தால் திருப்பி மாட்டலாம். உதடு தடித்திருந்தால் அச்சை மாற்றலாம். எது என்று யாரும் சொல்லாமலே பிடுங்கிப் போட்டுவிட்டால் நான் என்ன செய்வேன்?

ஆகையால் உதவியைக் கேட்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணினால் மன்னியுங்கள். நீங்கள் வெள்ளிக்கிழமைப் பேருந்தில் ஏறி வர வேண்டும். ஏறும்போது நிறையத் தண்ணீர் குடியுங்கள். வழியில் எங்கே நிறுத்தினாலும் இறங்காதீர்கள். தாங்கவே முடியாவிட்டால் உடம்பு முக்கியம், இறங்கிவிடுங்கள், ஆனால் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். எங்கள் நிலையத்தில் இறங்கியதும் நேராக அங்கே போங்கள். ஐந்து இருக்கின்றன, ஒன்றோடு திரும்பிவிடாதீர்கள். சர்க்கரையால் நீங்கள் அடிக்கடி எழுந்து போகிறீர்கள் என்று அத்தை வருத்தப்படுவார். அது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. மூச்சைப் பிடிக்காமல் நன்றாக இழுத்துப் பாருங்கள், குனிந்தும் பாருங்கள். பார்த்ததை அப்படியே சொல்லுங்கள். அம்மாவின் சமையலில் உப்பில்லை என்று அம்மாவிடமே சொன்ன ஒரே ஆள் நீங்கள். அம்மா மாதக்கணக்கில் பேசாமல் இருந்தும் நீங்கள் பேச்சை மாற்றவில்லை. அந்த மூக்கும் அந்த நாக்கும்தான் எனக்கு வேண்டும். வந்த கையோடு, இது மானம்கெட்ட வேலை இல்லை என்று அப்பாவிடமும் இரண்டு வார்த்தை சொல்லுங்கள்.

அத்தைக்கு என் வணக்கம். எதற்கு எழுதினாள் என்று கேட்டால், பொதுவாக விசாரித்திருக்கிறாள் என்று சொல்லுங்கள். உங்கள் பதிலை அல்ல, உங்களையே எதிர்பார்த்து,

உங்கள் அன்புள்ள,
தங்கை மகள்.

பி.கு.: மாமா, மேலே எழுதிய எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். வர வேண்டாம். இதைத் தபாலில் போடப் பேருந்து நிலையத்துக்கு வந்தவள், கால் கேட்காமல் தூணோரம் நின்றேன். பேப்பர்க் கடைக்காரர் உடனே போன் போட்டுவிட்டார். அப்பா கழுத்தில் அளவு டேப்போடு அப்படியே வந்து, "இன்னிக்குமா?" என்றார். நான் தரையைப் பார்த்தேன். "எது, அதா?" என்று மீசைப் பலகையைக் காட்டினார். தலையாட்டினேன். "இங்கயே நில்லு" என்று உள்ளே போனார். யாரும் அவ்வளவு நேரம் உள்ளே இருந்து நான் பார்த்ததில்லை. வெளியே வந்து சொன்னார்: "கடைசியிலேர்ந்து ரெண்டாவது. வட்டம் ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது. வாயே மூடல. நாத்தம் கொடலைப் புடுங்குது. யாரு மாட்டினது?"

என் வாழ்க்கையில் இவ்வளவு இனிமையாக யாரும் என்னிடம் பேசியதில்லை.

"பிரஸ்கார அண்ணன்பா."

"காலரைக் கோணலா வச்சுட்டுத் துணி சரியில்லம்பான் போல. வெட்டினதுல தப்பில்ல, வச்சதுலதான் தப்பு. நாளைக்கே திருப்பி மாட்டச் சொல்லு. அந்தம்மா வேற வாளியத் தூக்கிட்டு வந்துச்சு. ஊத்தாதீங்க, என் பொண்ணு செஞ்சதுன்னு சொல்லியிருக்கேன்."

"அப்ப காஜா?"

"காஜாவுக்கு ஊர்ல ஆளா இல்ல?"

"மத்த நாலும் எப்படிப்பா இருக்கு?"

"ஒருத்தன் ஒரு நேரத்துல எத்தனைல போவான்?" என்று கேட்டுவிட்டு டீக்கடைப் பக்கம் நடந்தார்.

இப்போது மூன்றாவது டீயில் இருக்கிறார். இன்னும் இரண்டு முடித்துவிட்டார், இரண்டும் நன்றாக மூடுகின்றனவாம். அவர் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்த பேப்பர்க் கடைக்காரர் சற்று முன் என்னிடம் வந்து, மிகவும் இறங்கிய குரலில், "அப்பாவை ஒரு நல்ல டாக்டர்கிட்ட காட்டும்மா" என்றார். "சரிங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, டீக்கடைக்காரருக்குக் கேட்கும்படி, சத்தமாக, அப்பாவுக்கு இன்னொரு டீ சொன்னேன்.