எல்லா ஊருக்கும் வேண்டிய அணி

சால்ட் ஃபோர்க் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி வந்த பஸ் வெளியூர் மைதானத்துக்குள் நுழைய முடியவில்லை. எதிரே ஊர்வலம். பேண்டு வாத்தியம் முழங்க, பூ ஒட்டிய டிராக்டர்மேல் விழா ராணியாகக் கிரீடம் வைத்த ஒரு பெண் கையசைத்துக்கொண்டு வந்தாள். அன்று எதிரணிக் கல்லூரியின் பழைய மாணவர் விழா.

பயிற்சியாளர் ஹாஸ்கம்ப் இருக்கையிலிருந்து எழுந்து எட்டிப் பார்த்தார். இதற்கு முன் போன இரண்டு ஊர்களிலும் இதே விழா, இதே டிராக்டர்.

"என்னய்யா இது, நாம போற இடமெல்லாம் திருவிழாவா இருக்கு?"

உதவிப் பயிற்சியாளர் லானி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். குடைந்து குடைந்து கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தான்.

"பழைய மாணவங்க வர்ற அன்னிக்குத் தோத்தா நல்லாருக்காதுல்ல கோச். அதான் நிச்சயமா தோக்குற டீம் வர்ற தேதியாப் பாத்து விழா வைக்கிறாங்க."

ஹாஸ்கம்புக்கு நெஞ்சில் யாரோ ஹெல்மெட்டோடு வந்து முட்டியது போலிருந்தது. அன்றும் தோற்றார்கள். போகும்போது நன்றி சொல்லி ஒரு கேக் வேறு கொடுத்தனுப்பினார்கள். பையன்கள் வெட்கமே இல்லாமல் தின்றார்கள்.

திங்களன்று அவர் லீக் அலுவலகத்துக்குப் போன் போட்டுக் குதித்தார். மானம் போகிறது, எல்லோரையும் தேதி மாற்றச் சொல்லுங்கள் என்றார். செயலாளர் பொறுமையாகக் கேட்டு, எல்லாக் கல்லூரிகளிலும் விசாரித்தார். விளைவு, விவரம் தெரியாமல் வேறு தேதி வைத்திருந்த ஒரே ஒரு கல்லூரியும் இப்படி ஒரு வசதி இருப்பதை அறிந்து, இவர்கள் வரும் சனிக்கிழமைக்கு விழாவை மாற்றிக்கொண்டது.

சரி, பயமாவது காட்டலாம் என்று, நெப்ராஸ்காவிலிருந்து மலை போல ஒருவன் அணியில் சேர்ந்திருப்பதாகப் புரளி கிளப்பினார். அடுத்த ஊர்க்காரர்கள் 'மலை சரிவதைக் காண வாரீர்' என்று தட்டி கட்டிக் கூட்டம் சேர்த்துவிட்டார்கள்.

அவருக்கு மிச்சமிருந்தது ஒரே ஆறுதல்தான். தன் கல்லூரிக்கும் ஒரு விழா வரும். அங்கே படித்த காலத்தில் தன்னோடு ஆடியவர்களெல்லாம் வந்து உட்கார்ந்திருக்க, அன்று ஒருநாள் ஜெயித்தால் போதும், பிறகு வேலை போனாலும் கவலையில்லை. கல்லூரித் தலைவி ஆஸ்டர்ஹவுட்டிடம் தேதி கேட்கும்போதெல்லாம், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் ஆட்டத்தைக் கவனியுங்கள் என்றே பதில் வந்தது. தங்கமான மனுஷி, நம் தலையில் பாரம் ஏற்ற மனமில்லை போலும் என்று அவர் நெகிழ்ந்துபோனார்.

கடைசி வெளியூர் ஆட்டத்தில்தான் நடக்கக்கூடாதது நடந்தது. எதிரணிக்கு இருந்த தெனாவட்டில், பாதி ஆட்டத்துக்குப் பிறகு நன்கொடையாளர்களின் பேரப்பிள்ளைகளைக் களத்தில் இறக்கினார்கள். ஹாஸ்கம்பின் பையன்கள் பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டி ஒரு டச்டவுன் அடித்தார்கள். அடித்தவனே திகைத்து நின்றான். பிறகு இன்னொன்று. ஆட்டம் முடிந்தபோது சால்ட் ஃபோர்க் ஜெயித்திருந்தது, அந்த ஊர் விழா ராணி தேம்பி அழுதாள். ஸ்கோர் பலகை பழுதாகியிருக்குமோ என்று ஹாஸ்கம்ப் நடுவரிடம் போய்க் கேட்டு உறுதி செய்துகொண்டார். இந்த முறை கேக் கிடைக்கவில்லை.

வழியெல்லாம் பாட்டுதான். இதே வேகத்தில் நம் விழாவிலும் ஆடிவிட வேண்டும் என்று அவர் லானியிடம் சொல்லிக்கொண்டே வந்தார். பொழுது சாயும் நேரத்தில் பஸ் தங்கள் மைதானத்தின் முன் நின்றது. வாசலில் சாசேஜ் கடை போடும் டார்லீன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நாற்காலிகள் தாறுமாறாகக் கிடந்தன. தரையெல்லாம் வண்ணக் காகிதம். ஹாஸ்கம்பின் கண்ணில் எதுவும் படவில்லை. படியிலிருந்து குதித்து இறங்கினார்.

"டார்லீன், நாம ஜெயிச்சுட்டோம்!"

"தெரியுமே கோச், இங்கதானே நின்னு பாத்தேன்," என்றாள் அவள் நிமிராமலே.

"இங்க எப்படிப் பாத்தே?"

"நீங்க வெளியூர் போற நாளாப் பாத்து தலைவியம்மா நம்ம விழாவை இன்னிக்கு வச்சுட்டாங்கல்ல, உங்களுக்குப் பதிலா ஒரு ஹைஸ்கூல் டீமுக்கு நம்ம சட்டையை மாட்டிவிட்டாங்க கோச், என்னமா ஆடுனானுங்க தெரியுமா."