சுண்ணாம்பு ஆகாத கமிட்டித் தலைவர்

பனையேறி செல்வதாஸ் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு பிசகிக் கிடந்த மழைக்காலத்தில், அவன் வீட்டு அடுக்களைப் புறத்தில் யாரோ ஒரு சாக்கு அரிசியை வைத்துவிட்டுப் போனார்கள். யாரென்று எவரும் சொல்லவில்லை. சாக்கில் ஒட்டியிருந்த மிளகு வாசனையை வைத்து, புதுக்கடைச் சந்தையில் மளிகை வியாபாரம் செய்யும் முத்துநாயகம் அண்ணாச்சிதான் என்று செல்வதாஸ் கண்டுகொண்டான்.

ஆகவே வாசகரே, இவரைப் பொல்லாதவர் என்று எண்ணிவிடாதீர்கள். கடவுள் எந்த ஜீவனையும் காரணமில்லாமல் படைப்பதில்லை; கொசுவுக்கும் ஒரு காரணம் வைத்திருப்பார். அப்படி அவர் படைத்த இனங்களில் ஒன்றுதான் ‘அடுத்தவன் போதையை ஒழிப்பவர்’.

அடையாளம் சுலபம். வாயில் புகையிலை, மூக்கில் பொடி, கையில் கண்டனத் தீர்மானம். சர்க்கார் கள்ளுக்கடைகளைக் குத்தகைக்கு விட்ட காலத்தில், ‘சர்க்காரே விக்கட்டும், அளந்து விக்கட்டும், அப்பத்தான் ஜனம் திருந்தும்’ என்று சந்தை முழுக்கச் சொல்லித் திரிந்தவர், கடைகளை மூடிய மறுநாளே மதுவிலக்குக் கமிட்டிக்குத் தலைவராகி மாலையும் போட்டுக்கொண்டார். கொள்கை மாறிவிட்டதா? சேச்சே. எது நடந்தாலும் அதற்குத் தான் தலைவராக இருக்க வேண்டும் என்ற கொள்கை அன்றும் இன்றும் ஒன்றேதான்.

தேங்காப்பட்டணத்துக் கருப்பட்டி வியாபாரி அப்துல் ரசாக் ஒருநாள் அண்ணாச்சியின் மளிகைக் கடையில் வைத்தே கேட்டார்:

“ஓய், கள்ளுக்கடைய மூடினதும் குடி நின்னு போச்சா? இப்ப காட்டுக்குள்ள சாராயம் காய்ச்சுதானுவ. அதுல என்னத்த கலக்குதானுவன்னு படைச்சவனுக்குத்தான் தெரியும். சர்க்கார் பாத்து அளந்து கொடுத்தா, குடிக்கவனுக்குக் கண்ணாவது மிஞ்சும்லா?”

“அளந்து கொடுத்தா எவன்வே அளவோட நிப்பான்?”

“அப்ப நீரு போடுத அபின்?”

“அது வாதத்துக்கு. மருந்து.”

“காட்டுல குடிக்கவனும் மேலுவலிக்குன்னுதான் சொல்லுதான்.”

“அவன் சொல்லுவான்! அவனுக்கு வலிக்குன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?”

ரசாக் கருப்பட்டியைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

செல்வதாஸின் சங்கடம் வேறு. பனையில் கட்டும் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது அக்கானி என்னும் பதநீர், காய்ச்சினால் கருப்பட்டி, சட்டத்துக்கும் சம்மதம். தடவாவிட்டால் அதே நீர் கள். நல்லவனுக்கும் குற்றவாளிக்கும் நடுவே இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பு. பிடிபட்டால் மரமேறும் அனுமதி போகும், அவன் லாக்கப்புக்குப் போவான், பெண்டாட்டி செசிலியின் அடுப்பு அணையும். அதனால் ஜெபம் சொல்லுகிற பக்தியோடு சுண்ணாம்பு தடவுவான். ஒரே ஒரு கலயத்துக்குத் தவிர.

“மக்கா, எனக்க கலயத்துக்குச் சுண்ணாம்பு வேண்டாம் கேட்டியா. வயித்துக்கு ஆகாது.”

“அண்ணாச்சி, சுண்ணாம்பு இல்லேன்னா அது கள்ளுல்லா?”

“கள்ளுன்னு குடிக்கவனுக்குக் கள்ளு. நான் அக்கானின்னுல்லா குடிக்கேன்!”

அரிசி தந்த மனுஷனிடம் என்ன சொல்ல முடியும்? மத்தியானம் அந்த ‘அக்கானி’ இறங்கினால்தான் சாயங்காலம் கூட்டத்தில் பேச்சு ஏறும். மேஜையைத் தட்டுவார், தேம்புவார், குடிகாரன் குழந்தைகளுக்காகக் கண்ணீர் வடிப்பார். கேட்பவர்களும் அழுவார்கள். முன்வரிசைக்காரர்கள் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டே மூக்கையும் பொத்திக்கொள்வார்கள்.

ஒருநாள் எக்சைஸ் இன்ஸ்பெக்டர் சோதனைக்கு வந்தார். தலைவர் சும்மா இருப்பாரா? தானே முன்னால் நடந்து, “இதையும் பாருங்க சார், அதையும் பாருங்க” என்று பனை பனையாகக் கைகாட்டினார். கைகாட்டிய வேகத்தில் தன் கலயம் தொங்கிய பனையையும் காட்டிவிட்டார்.

செல்வதாஸ் மரமேறிக் கலயத்தை இறக்கினான். நுரை பொங்கியது. இன்ஸ்பெக்டர் உள்ளே விரல் விட்டுத் தடவினார். விரலில் வெள்ளையே இல்லை.

“யாருக்குடே இந்தக் கலயம்?”

சொன்னால் அண்ணாச்சியின் மானம் போகும். சொல்லாவிட்டால் தன் பிழைப்புப் போகும். செல்வதாஸ் ‘கர்த்தாவே’ என்று கண்ணை மூடினான்.

முத்துநாயகம் கலயத்தை வாங்கினார். “அவசரப்படப்பிடாது சார். பரிசோதிக்கணும்.” ஒரு மடக்குக் குடித்தார். “சந்தேகமாத்தான் இருக்கு.” இன்னும் ஒரு மடக்கு. “தீரல்லியே!” சந்தேகமும் கலயமும் ஒன்றாகத் தீர்ந்தன. “சுத்த அக்கானி சார்!”

“வோய், கேஸுக்குச் சாட்சியான தொண்டிப்பொருளக் குடிச்சுப்போட்டீரே!”

“நான் எங்க சார் குடிச்சேன்? கமிட்டிலா குடிச்சுது.”

கமிட்டியை லாக்கப்பில் போட எந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது? இன்ஸ்பெக்டர் போய்விட்டார். அண்ணாச்சி காப்பாற்றியது செல்வதாஸையா, தன் மானத்தையா, அல்லது வீணாகப் போகவிருந்த கள்ளையா? செல்வதாஸுக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் மறுநாள் முதல் எல்லாக் கலயத்துக்கும் சுண்ணாம்பு தடவினான். அண்ணாச்சி குடித்துப் பார்த்தார், முகத்தைச் சுளித்துக் கலயத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவருடைய கூட்டங்களும் சப்பென்று ஆயின.

சிரிக்கிறீர்களா? வாயில் இருப்பதைத் துப்பிவிட்டுச் சிரியுங்கள்.

பிறகு அவர் திருவட்டாற்றில் மகள் வீட்டோடு போய் இருக்கத் தீர்மானித்தார். பஸ் ஏறுமுன் செல்வதாஸின் கையைப் பிடித்துச் சொன்னார்:

“மக்கா, கமிட்டிக்குப் புதுத் தலைவர் வேணும்லா? போதையத் தொடாதவன் எவனோ அவன் கையத் தூக்குன்னேன். ஊரே கையத் தூக்கிட்டு. நீ பாத்து இருந்துக்கோ, அம்புட்டு பேருக்கும் சுண்ணாம்பு ஆகாது.”