டைனமோ சாமியும் இடப்பக்கச் சீட்டும்

ஒருவேளை நிஜமாகவே நான்தானோ?

வண்டி கெடுவதற்குத் தான்தான் காரணமோ என்று சௌந்திரத்துக்கே சந்தேகம் வந்துவிட்டது. எதிரே அவள் புருஷன் சென்னியப்பனின் பழைய பிக்கப் வேன் நின்றது. சில நாள் பேட்டரிக்கு சார்ஜ் ஏறும், சில நாள் ஏறாது. ஏறாத நாளில் ஸ்டியரிங் பக்கத்தில் சிவப்பு லைட் எரியும். மறுநாள் காலையில் வண்டியைத் தள்ள வேண்டும். பேட்டரியை மாற்றியாயிற்று, பெல்ட்டை மாற்றியாயிற்று. மாற்றாதது பெண்டாட்டி ஒன்றுதான்.

இப்படித் தீராத வண்டிக் கோளாறுக்குத்தான் மல்லசமுத்திரம் ரோட்டில் டைனமோ சாமி இருந்தார். வியாழக்கிழமையானால் லாரி, டிராக்டர், போர் போடும் ரிக் வண்டி என்று வரிசை கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கும். முன்னெல்லாம் மாட்டுக்கு மந்திரித்தவர். மாடு குறைந்து வண்டி பெருகவும் தெய்வமும் தொழிலை மாற்றிக்கொண்டது. ரேடியேட்டருக்கு எலுமிச்சம்பழம், டயருக்குத் திருநீறு. காணிக்கை, ஒரு சேவலும் ஒரு கேன் டீசலும். சாமி தொட்டும் ஓடாத வண்டி உண்டா என்று கேட்பார்கள். ஓடாத வண்டி எப்படி வந்து சொல்லும்?

வரிசை ஓரத்து டீக்கடையில் சாமியின் மச்சான் சின்னராஜ் எல்லோரையும் அன்பாக விசாரித்தான். சௌந்திரம் ஏறினால் லைட் எரிகிறது, இறங்கினால் அணைகிறது என்று சென்னியப்பன் டீ ஆறுவதற்குள் கொட்டிவிட்டார். சின்னராஜ் உள்ளே போய் வந்தான். அதன் பிறகு சாமிக்கு ஞானதிருஷ்டி வந்தது.

"பொம்பளை தோசமுங்க," என்றார் கண்ணை மூடியபடி. "அம்மிணி ஏறட்டும்."

என்ஜின் ஓடியது. சௌந்திரம் இடப்பக்கச் சீட்டில் உட்கார்ந்தாள். லைட் எரிந்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. இனி அவள் இந்த வண்டியில் ஏறவே கூடாது என்று சாமி சொல்லிவிட்டார்.

அவள் இறங்கி நின்றாள். செவ்வாய்க்கிழமை ராசிபுரம் சந்தைக்கு முட்டை கொண்டுபோவது அந்தச் சீட்டில்தான். ஜன்னல் காற்று முகத்தில் அடிக்கிற அந்த நேரம்தான் வாரத்தில் அவளுக்கென்று இருந்தது. அதுவும் போகட்டும் என்று மனசைத் தேற்றியபோதுதான் ஞாபகம் வந்தது. போன செவ்வாய் காய்ச்சலில் அவள் போகவில்லை. அந்தச் சீட்டில் கோழித்தீவன மூட்டைதான் வந்தது. மறுநாளும் வண்டியைத் தள்ளினார்கள். மூட்டைமேல் யாரும் பழி போடவில்லை.

"சாமி, நீங்க ஒருக்கா உக்காந்து ஆசீர்வாதம் பண்ணிக் குடுங்க," என்றாள் பணிவாக.

கூட்டமும் கும்பிட்டுக் கேட்டது. மறுக்க வழியில்லாமல் சாமி ஏறினார். நல்ல கனமான உடம்பு. லைட் பளிச்சென்று எரிந்தது.

ஒரு லாரி டிரைவர் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க சாமி, உங்களுக்கும் பொம்பளை தோசமுங்களா?"

சிரிப்பு அடங்குமுன் சௌந்திரம் சாமியை இறங்கச் சொல்லிவிட்டுச் சீட்டைத் தூக்கினாள். அடியில் பேட்டரிக்குச் சார்ஜ் கொண்டுபோகும் ஒயர், சீட்டுக் கம்பி பட்டுப் பட்டு நைந்து இழையில் தொங்கியது. விரலால் அழுத்தினாள், இழை விலகி லைட் எரிந்தது. எடுத்தாள், அணைந்தது.

சாமி அசரவில்லை. தோஷத்தைத் தாம் உட்கார்ந்து வாங்கிக்கொண்டதால்தான் ஒயரே கண்ணுக்குத் தெரிந்தது என்றார். பாதிப் பேர் வண்டியைத் திருப்பினார்கள். மீதிப் பேர் மறுபடியும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

சென்னியப்பன் ஒயரை முறுக்கி டேப் சுற்றினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"எதுக்கும் ஒரு கும்புடு போட்டுட்டு வந்துரு புள்ள. சாபம் நமக்கெதுக்கு."

சௌந்திரம் சீட்டைப் போட்டு, ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தினாள். லைட் எரியவில்லை.

"நீங்க போயிட்டு வாங்க," என்றாள். "இத்தனை நாளா ஒயரைப் பாக்காம என்னையப் பாத்தீங்கல்ல, அதுக்கும் சேர்த்துக் கும்புட்டுக்குங்க. நான் வரலீங்க."